கல்லு நிக்கிற எடம் ஒண்ணு, வலிக்கிற எடம் ஒண்ணு

கிட்னில கல்லுன்னு ஸ்கேன் ரிப்போர்ட் கையில வந்த உடனே எல்லாரும் மொதல்ல பாக்கறது எத்தனை எம்எம்னுதான். நான் அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு மெடிக்கல் ஷாப்ல பார்மசிஸ்ட், ரிப்போர்ட்ட கவுண்டர்ல விரிச்சு வச்சு "அண்ணாச்சி, இது பெருசா சின்னதா, பாத்துச் சொல்லுங்க"ன்னு கேக்கறவங்க அடிக்கடி வருவாங்க. ஆனா வலி விசயத்துல சைஸை விட பெரிய சங்கதி அதே ரிப்போர்ட்ல பக்கத்துலயே எழுதிருக்கும், கல்லு எந்த எடத்துல நிக்குதுங்கறது. 3 எம்எம் கல்லு ஒரு திடகாத்திரமான ஆளத் தரையில போட்டு உருட்டிரும், இன்னொருத்தருக்கு 2 சென்டிமீட்டர் கல்லு கிட்னிக்குள்ளயே வருசக்கணக்கா கெடக்கும், வேற எதுக்கோ வயித்து ஸ்கேன் எடுக்கப்போய் தற்செயலாத் தெரியவரும். ரெண்டும் நடக்கறதுதான், ரெண்டுக்கும் காரணமும் ஒண்ணுதான்.

பாதைய மொதல்ல சொல்லிருதேன். கிட்னில ஊறுற மூத்திரம் சின்னச்சின்ன அறைகள்ல சேரும், ரிப்போர்ட்ல கேலிக்ஸ்னு போட்டிருப்பாங்க. அங்கருந்து பெல்விஸ்ங்கிற பெரிய அறைக்கு வந்து, யூரிட்டர் குழாய் வழியா மூத்திரப்பைக்கு எறங்கும். இந்தக் குழாய் 25ல இருந்து 30 சென்டிமீட்டர் நீளம், உள்ளுக்குள்ள அகலம் 3, 4 எம்எம்தான். சுத்தி தசை இருக்கு, அது மேல இருந்து கீழ அலை அலையா சுருங்கி மூத்திரத்தத் தள்ளிக்கிட்டே இருக்கும், நாம படுத்துக் கெடந்தாலும் மூத்திரம் பைக்கு வந்து சேர்றது அதனாலதான். இதுல மூணு எடம் குறுகல். ஒண்ணு கிட்னிய விட்டு குழாய் ஆரம்பிக்கிற எடம், ரிப்போர்ட்ல பி.யு.ஜே. ரெண்டாவது இடுப்பெலும்பு விளிம்புகிட்ட காலுக்குப் போற பெரிய ரத்தக்குழாயத் தாண்டுற எடம். மூணாவது மூத்திரப்பைக்குள்ள நொழையுற வாசல், வி.யு.ஜே, இருக்கறதுலயே ஒடுக்கமானது இதுதான். கல்லு மாட்டிக்கிறது பெரும்பாலும் இந்த மூணுல ஒரு எடத்துல.

கல்லுக்கு முனை இருக்கு, அது குத்திக் கிழிக்கறதாலதான் இந்த வலின்னு நெறைய பேர் நம்புறாங்க. உரசறது உண்மைதான், மூத்திரத்துல ரத்தம் தெரியறது அதனாலதான், ஆனா ஆளச் சாய்க்கிற அந்த வலி வர்றது அடைப்புனால. நம்ம கன்னடியன் கால்வாய்ல மடையில செத்தை வந்து அடைச்சா என்ன ஆகும், அடைச்ச எடத்துக்கு கீழ ஒண்ணும் இருக்காது, மேல தண்ணி ஏறி கரைய முட்டும்ல, அதான் இங்கயும். கல்லு குழாய்ல போய் உக்காந்த உடனே பின்னால மூத்திரம் தேங்கி பெல்விஸ் விரியுது, கிட்னிக்கு மேல போர்த்திருக்கற உறை இழுபடுது. கிட்னியோட சதைக்குள்ள வலி உணர்ற நரம்பு அவ்வளவா கெடையாது, ஆனா இந்த உறையும் பெல்விஸும் இழுபட்டா தாங்காது. இழுபட்ட எடத்துல ப்ராஸ்டாகிளாண்டின்னு ஒரு ரசாயனம் சுரக்கும், அது கிட்னிக்கு ரத்த ஓட்டத்தக் கூட்டி மூத்திரத்த இன்னும் ஊற வைக்கும், அழுத்தம் இன்னும் ஏறும், குழாய்த் தசையும் கல்லப் புடிச்சு இறுக்கும். டைக்ளோஃபினாக் ஊசி போட்டா கல்லடைப்பு வலி மடமடன்னு எறங்குதுன்னா அது இந்த ப்ராஸ்டாகிளாண்டின் சுரக்கறதையே தடுக்கறதாலதான். வயித்து இழுப்புக்குக் குடுக்கற மாத்திரை மட்டும் போட்டுட்டு "கேக்கவே இல்லியே"ன்னு வர்றவங்களுக்கு இதத்தான் சொல்லுவேன். அதுக்காக நீங்களா வாங்கிப் போட்டுறக் கூடாது, ஏற்கெனவே கிட்னி வேலை கம்மியா இருக்கறவங்க, வயித்துல புண்ணு உள்ளவங்க, ஹார்ட் பேஷன்ட், மாசமா இருக்கற புள்ளைங்க இவங்களுக்கெல்லாம் அந்த மருந்தே கெடுதல் பண்ணிரும்.

இப்ப அந்த 2 சென்டிமீட்டர் ஆளுக்கு ஏன் வலிக்கலன்னு புரியும். கல்லு கேலிக்ஸ்ல ஒரு ஓரமா இருந்தா மூத்திரம் அதச் சுத்திப் போயிரும், அடைப்பு இல்ல, அழுத்தம் இல்ல, அதனால வலியும் இல்ல. சிலருக்கு விலாப்பக்கம் மந்தமா ஒரு நோவு இருந்துக்கிட்டே இருக்கும், அது அந்தக் கல்லாலயா வேற எதுனாலயான்னு டாக்டர்களுக்குள்ளயே ஒத்த கருத்து கெடையாது. ஆனா இந்த அமைதி இருக்கே, இது எனக்கு ரொம்பப் பயமான விசயம். ஸ்டேக்ஹார்ன்னு ஒரு வகை இருக்கு, பெல்விஸ், அறைகள் எல்லாத்தையும் நெறைச்சு கிளை விட்டு வளரும், அடிக்கடி மூத்திரத்துல கிருமி வர்றவங்களுக்கு உண்டாகும், வலி பெருசா இல்லாமலே கிட்னிய அரிச்சிரும். அடைப்பு திடீர்னு வந்தாத்தான் ஒடம்பு கத்தும், கொஞ்சம் கொஞ்சமா அடைச்சா கிட்னி வீங்கறதே வெளிய தெரியாது. "வலி இல்லியே, பொறவு பாத்துக்கலாம்"னு ரிப்போர்ட்ட பீரோல வைக்கிறவங்க கிட்ட நான் விடாம சண்டை போடுறது இதனாலதான்.

சரி, குழாய்க்குள்ள எறங்குன கல்லுக்கு வருவோம். கிட்னி, யூரிட்டர் ரெண்டுல இருந்தும் வலிச் செய்தி எடுத்துட்டுப் போற நரம்புங்க தண்டுவடத்துல மார்புப் பகுதியோட 10வது நரம்புல இருந்து இடுப்புப் பகுதியோட முதல் நரம்பு வரைக்கும் உள்ள மட்டத்துல போய்ச் சேருது. அதே மட்டத்துலதான் விலா, அடிவயிறு, தொடை இடுக்கு, விதை இங்கெல்லாம் இருந்து வர்ற நரம்பும் சேருது. செய்தி எங்கருந்து வந்துச்சுன்னு மூளைக்கு சரியாப் பிரிக்கத் தெரியாது, அதனால உள்ள மாட்டுன கல்லுக்கு வெளிய எங்கயோ வலிக்கும். பி.யு.ஜே, யூரிட்டரோட மேல் பாகம் இங்க நின்னா வலி பின்பக்கம், கடைசி விலா எலும்பும் முதுகெலும்பும் சேர்ற மூலைல. உள்ளங்கைய விரிச்சு இடுப்புக்கு மேல பின்னால வச்சுக் காட்டுவாங்க. கூடவே வாந்தி, குமட்டல், ஏன்னா வயித்துக்கும் கிட்னிக்கும் போற நரம்பு ஒரே முடிச்சு வழியாப் போகுது. இந்த வாந்தியப் பாத்துட்டு "வாயு புடிச்சிருக்கு, ஓம வாட்டர் குடு, சோடா குடு"ன்னு ராத்திரி பூரா வீட்டுலயே வச்சிருந்துட்டு விடிஞ்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறது நம்ம ஊர்ல சகஜம்.

முதுகு வலின்னாலே கல்லுன்னும் பயந்துர வேண்டாம். முக்கூடல், ஆலங்குளம் பக்கம் காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் குனிஞ்சு உக்காந்து பீடி சுத்துற அக்காமாருக்கு இடுப்பு வலி வந்தா மொதல்ல கேக்கறது "கல்லா இருக்குமோ"ன்னுதான். தசை வலி, எலும்பு வலின்னா குனிஞ்சா நிமிந்தா கூடும், ஒரு பக்கமாப் படுத்தா கொறையும். கல்லு வலி எப்படிப் படுத்தாலும் கொறையாது, உக்காருவாங்க, எந்திரிப்பாங்க, நடப்பாங்க, தரைல உருளுவாங்க, ஒரு எடத்துல நிக்க முடியாது. வலி முழுசா விடாது, நடுநடுவுல ஏறும், கொஞ்சம் எறங்கும், திரும்ப ஏறும். குடல்வால் வெடிச்சு வயித்துக்குள்ள சீழ் பரவுன ஆளோ அசைஞ்சாலே உயிர் போகுங்கறதால அப்படியே மடங்கிக் கெடப்பாரு. டாக்டர் ரூமுக்குள்ள நொழையும்போதே இந்த வித்தியாசத்த கவனிச்சிருவாங்க.

நடு யூரிட்டர்ல கல்லு நின்னா வலி முன்பக்கம் வந்துரும், தொப்புளுக்கு பக்கவாட்டுல கீழ. இங்கதான் குழப்பமே ஜாஸ்தி. வலது பக்கம்னா குடல்வால் வலியும் அதே எடம். பொம்பளைங்களுக்கு கர்ப்பப்பைக்கு வெளிய கரு தங்கறது, சினைப்பை முறுக்கிக்கறது ரெண்டும் அதே எடத்துல வலிக்கும், ரெண்டுமே ஆபத்து. அதனால மாசவிலக்கு தள்ளிப்போயிருக்கற புள்ளைக்கு அடிவயித்துல ஒரு பக்கமா வலின்னா போன தடவை கல்லு இருந்துச்சு, இப்பவும் அதேதான்னு வீட்டுலயே முடிவு பண்ணிறாதீங்க.

இன்னும் கீழ எறங்குனா வலி தொடை இடுக்கு, ஆம்பளைங்களுக்கு விதை, பொம்பளைங்களுக்கு பிறப்புறுப்பு ஓரம் வரைக்கும் பாயும். விதைக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பாங்க. வயித்துல புள்ளையா இருக்கும்போது விதை உருவாகறதே கிட்னிக்குப் பக்கத்துலதான், பொறவுதான் கீழ எறங்குது, எறங்கும்போது தன்னோட நரம்பையும் ரத்தக்குழாயையும் மேல இருந்தே இழுத்துட்டு வருது. அந்த பழைய சொந்தம் சாகுற வரைக்கும் விடாது. வெளிய சொல்லக் கூச்சப்பட்டு "வயித்து வலி"ன்னு மட்டும் டாக்டர் கிட்ட சொல்ற ஆம்பளைங்க எத்தனையோ பேரு, விதைல வலிக்குதுன்னு சொல்லிருந்தா கல்லு எங்க இருக்கலாம்னு ஒரு நல்ல துப்பு கெடைச்சிருக்கும். இதுல ஒரு விசயத்த தயவுசெஞ்சு மனசுல வச்சுக்கோங்க. பள்ளிக்கூடம் போற வயசுப் பையனுக்கு திடீர்னு விதைல வலி, வீக்கம், வாந்தின்னா அது கல்லுன்னு நெனச்சு நேரத்தக் கடத்தக் கூடாது, விதை முறுக்கிக்கிட்டு ரத்த ஓட்டம் நின்னுருக்கலாம், சுமாரா 6 மணி நேரத்துக்குள்ள சரி பண்ணலன்னா விதையே போயிரும். பையன் கூச்சப்பட்டு சொல்லாம இருந்தாலும் நீங்க கேளுங்க.

மூத்திரப்பை வாசல்ல, அந்த வி.யு.ஜேல, கல்லு வந்து நின்னா கதையே மாறிரும். விலாவுல வலி கொறைஞ்சிருக்கலாம், ஆனா அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை ஒன்னுக்கு வரும், போனா ரெண்டு சொட்டு, எரிச்சல், போய்ட்டு வந்த ஒடனே திரும்ப வர்ற உணர்வு, ஆம்பளைங்களுக்கு நுனியில ஒரு கடுப்பு. கல்லு பைக்குள்ள இன்னும் விழக்கூட இல்ல, வாசல்ல உக்காந்து பையச் சீண்டிக்கிட்டு இருக்கு, அவ்வளவுதான். இத அப்படியே நீர்க்கடுப்பு, சூடு புடிச்சிருச்சுன்னு நெனச்சு, "தம்பி, போன மொறை குடுத்த ஆன்டிபயாட்டிக்கே குடு"ன்னு கேக்கறவங்கள வாரா வாரம் பாக்கேன். கிருமியே இல்லாதவங்களுக்கு அந்த மாத்திரையால ஒரு புண்ணியமும் இல்ல, கல்லு அங்கயே இருக்கும். ரெண்டு நாள் முன்னாடி விலாவுல வலிச்சுச்சான்னு கேட்டா "ஆமா, கடுமையா வலிச்சு தன்னால நின்னுச்சு"ன்னு பலர் சொல்லுவாங்க. அப்படிச் சொன்னா மாத்திரை கெடையாது, ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னுதான் அனுப்புவேன்.

பைக்குள்ள விழுந்த சின்னக் கல்லு பெரும்பாலும் மூத்திரத்தோட போயிரும். பையிலயே உருவாகற கல்லு வேற ரகம், மூத்திரப்பைக்குக் கீழ இருக்கற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் முழுசாப் போகாம தேங்குற வயசான ஆம்பளைங்களுக்கு அதிகம் வரும், மூத்திரம் போய்ட்டு இருக்கும்போதே சட்டுனு நின்னுரும், முடியற நேரத்துல அடிவயித்துல வலிக்கும்.

இவ்வளவும் படிச்சிட்டு வலிய வச்சே கல்லு எங்கன்னு கண்டுபுடிச்சிரலாம்னு நெனச்சா அதுவும் தப்பு. மேல இருக்கற கல்லே கூட நேரா விதைக்கு வலியப் பாய்ச்சும், கல்லு ஒரே எடத்துல நிக்கும்போதே வலி எடம் மாறும், எந்த வலியுமே இல்லாம மொத்தப் பாதையும் கடந்து போற கல்லும் இருக்கு. எரிச்சல், அடிக்கடி போறது இந்த ரெண்டும் சேந்து வந்தாத்தான் கல்லு கீழ வந்துருச்சுன்னு கொஞ்சம் தைரியமா சொல்லலாம். மிச்சத்துக்கு ஸ்கேன்தான். சாதாரண அல்ட்ராசவுண்ட் கிட்னிய நல்லாக் காட்டும், அது வீங்கியிருக்கான்னு காட்டும், மூத்திரம் முட்ட இருந்தா பை வாசலையும் காட்டும், ஆனா நடு யூரிட்டர் குடலுக்குப் பின்னால மறைஞ்சிரும். அதனால ரிப்போர்ட்ல கிட்னி வீக்கம்னு மட்டும் போட்டு கல்லு தெரியலன்னு வந்தா ஸ்கேன் சென்டர்ல ஏமாத்திட்டாங்கன்னு அர்த்தம் இல்ல. மருந்து ஏத்தாம எடுக்கற சி.டி. ஸ்கேன்தான் எல்லா எடத்தையும் காட்டும். எக்ஸ்ரேல யூரிக் ஆசிட் கல்லுங்கற வகை தெரியவே தெரியாது. மூத்திரத்துல ரத்தம் இல்லன்னு லேப் சொன்னாலும் கல்லு இல்லன்னு ஆகாது.

அடுத்து, வலி நின்னு போறது. கல்லு வெளிய போயிருந்தா நல்லது. கல்லு லேசாப் பொரண்டு மூத்திரத்துக்கு கொஞ்சம் வழி விட்டிருந்தாலும் வலி நிக்கும். அடைப்பு அப்படியே இருந்து, கிட்னிக்குப் போற ரத்தம் கொறைஞ்சு, மூத்திரம் ஊறறதே கம்மியாகி, அழுத்தம் எறங்குனாலும் வலி நிக்கும், இந்த மூணாவதுதான் கொடுமை. முழு அடைப்பு பல வாரம் நீடிச்சா அந்தக் கிட்னி திரும்பாது. அதனாலதான் கல்லு தன்னால போகட்டும்னு காத்திருக்கறதுக்கு டாக்டர்கள் 4 வாரம், மிஞ்சினா 6 வாரம்னு எல்லை வைக்காங்க, நடுவுல வலி இல்லன்னாலும் திரும்ப ஸ்கேனுக்கு வரச் சொல்லுதாங்க. தன்னால போறதும் எடத்தப் பொறுத்ததுதான். 2002ல சி.டி. ஸ்கேன வச்சு நடந்த ஒரு ஆய்வுல, யூரிட்டரோட மேல் பாகத்துல இருந்த கல்லுல 48 சதவீதம் தன்னால வெளிய போயிருக்கு, நடுவுல 60, கீழ 75, பை வாசல்ல 79. அதே ஆய்வுல 2ல இருந்து 4 எம்எம் கல்லுல 76 சதவீதம் போயிருக்கு, 9 எம்எம்முக்கு மேல போனா 25தான்.

வாழைத்தண்டு சாறு, நெருஞ்சி முள்ளு கசாயம், பொங்கலுக்கு வாசல்ல கட்டுற சிறுபீளை வேரு எல்லாம் நம்ம பக்கம் குடிக்காத கல்லு பேஷன்ட்டே கெடையாது. அந்த 76 சதவீதத்துல உள்ளவரு சாறு குடிச்சு கல்லு போயிருந்தா பேரு சாறுக்குப் போயிரும், பக்கத்து வீட்டுல 9 எம்எம் வச்சிருக்கறவரும் அதையே நம்பி ரெண்டு மாசம் உக்காந்திருப்பாரு, அங்கதான் எனக்கு வயித்தெரிச்சல். யூரிக் ஆசிட் கல்லுதான் மூத்திரத்தோட புளிப்பக் கொறைக்கற மருந்துல கரையும். நம்மள்ல பெரும்பாலானவங்களுக்கு இருக்கறது கால்சியம் கல்லு, அதக் கரைக்க எந்த மருந்தும் இல்ல. வலி உச்சத்துல இருக்கும்போது குடம் குடமா தண்ணி குடிச்சு கல்லத் தள்ளிரலாம்னு பாக்கறதும் வேண்டாம், அடைச்ச எடத்துக்கு மேல அழுத்தம்தான் கூடும், தாகத்துக்கு மட்டும் குடிச்சாப் போதும். தண்ணி வேணுங்கறது வலி இல்லாத நாள்ல. ராதாபுரம், திசையன்விளை வெயில்ல நாள் பூரா நிக்கிறவங்க, செங்கச்சூளைல வேலை பாக்கறவங்க, பனை ஏறுறவங்க, இவங்களுக்கெல்லாம் குடிச்ச தண்ணி வேர்வையாவே போயி மூத்திரம் கெட்டியாகும், கல்லு உருவாகறது அங்கதான். எத்தனை லிட்டர் குடிச்சோம்னு பாக்காம ஒரு நாளைக்கு 2, 2.5 லிட்டர் மூத்திரம் போகுதான்னு பாக்கணும், கலர் வெளுப்பா இருந்தா சரி. வேலை எடத்துல கக்கூஸ் வசதி இல்லன்னு தண்ணியே குடிக்காம இருக்கற பொம்பளைங்ககிட்ட இத எந்த முகத்தோட சொல்லன்னு எனக்குத் தெரியல, ஆனா சொல்லத்தான் வேண்டியிருக்கு, அந்த வசதியச் செஞ்சு குடுக்க வேண்டியது மொதலாளிங்க கடமை.

கல்லு எங்க நின்னாலும் சரி, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி, கூட குளிர் நடுக்கத்தோட காய்ச்சல் வந்தா மறுபேச்சு இல்லாம கெளம்பிரணும். அடைப்புக்குப் பின்னால தேங்குன மூத்திரத்துல கிருமி பெருகி ரத்தத்துல கலந்தா ஒரு ராத்திரிக்குள்ள உயிருக்கே வந்துரும், அப்ப கல்ல எடுக்கறது முக்கியம் இல்ல, மொதல்ல அடைப்ப எறக்கி விடணும். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி எமர்ஜென்சியோ பக்கத்துல வசதி உள்ள எந்த ஆஸ்பத்திரியோ, விடியட்டும்னு காத்திருக்காதீங்க. மூத்திரமே போகாம நின்னுட்டா, ஒரே கிட்னி உள்ளவங்களுக்கு வலி வந்தா, மாசமா இருக்கும்போது வந்தா, இதுங்களும் அதே அவசரம்தான். 60 வயசுக்கு மேல, முன்ன கல்லே வராத ஆளு, பீடி குடிக்கறவரு, திடீர்னு விலா வலியும் தலைசுத்தலும்னா அது வயித்துல ஓடுற பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசியறதாக்கூட இருக்கலாம்.

கடைசியா ஸ்டென்ட் பத்தி. அடைப்ப எறக்கவோ, கல்ல எடுத்த பொறவோ, டி.ஜே. ஸ்டென்ட்னு ஒரு மெல்லிசான குழாய உள்ள வச்சு அனுப்புவாங்க. அதோட ஒரு நுனி கிட்னில, இன்னொரு நுனி மூத்திரப்பைல சுருண்டு இருக்கும். அதனால கல்லு போன பொறவும் ரெண்டு எடத்துல வலி இருக்கும், கீழ் நுனி பைய உரசறதால அடிக்கடி ஒன்னுக்கு வரும், போகும்போது மூத்திரம் அந்தக் குழாய் வழியா மேல ஏறி விலாவுல ஒரு இழுப்பு இழுக்கும். "ஆபரேஷன் சரியா பண்ணல போலுக்கு, கல்லு இன்னும் இருக்கு"ன்னு பதறி வர்றவங்க பலருக்கும் இதுதான் விசயம், ஸ்டென்ட் எடுத்தா நின்னுரும். நாள் போகப்போக பலருக்கும் அந்தத் தொந்தரவு பழகி மறந்தே போகுது, லீவுல வந்து ஆபரேஷன் பண்ணிட்டு ஸ்டென்ட்டோட துபாய்க்கும் சவுதிக்கும் பிளைட் ஏறிட்டு ரெண்டு வருசம் கழிச்சு வர்றவங்க இருக்காங்க. அதுக்குள்ள அந்தக் குழாய் மேலயே கல்லு படிஞ்சு, சும்மா உருவி எடுக்க முடியாம அதுக்குன்னு தனி ஆபரேஷன் வேண்டியதாயிரும். டிஸ்சார்ஜ் சம்மரில ஸ்டென்ட் வச்சிருக்கான்னு பாருங்க, எடுக்க வேண்டிய தேதி எழுதலன்னா அங்கயே கேட்டு எழுதி வாங்குங்க, டிக்கெட் அந்தத் தேதிக்குப் பொறவு போடுங்க.